எத்தனை பிள்ளைகள் என்று கேட்கத் தெரியாதவன்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் புத்திமதி, என்னைப் போல் இருந்துவிடாதீர்கள் என்பதுதான். ரிட்டயர் ஆனவனைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் சொந்தப் பெருமையை அளப்பான் என்று பயந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் தாராளமாக முன்னால் வரலாம். அளப்பதற்கு என்னிடம் அவ்வளவு சரக்கு கிடையாது. அசடு வழிந்த கதைகள்தான் உண்டு, அவை வேண்டிய மட்டும் உண்டு.

நீங்கள் இன்று செய்கிற வேலையை நாங்கள் தொடங்கியபோது அதற்குப் பெயர்கூடச் சரியாக வைக்கவில்லை. உடம்பில் ரத்தம் ஊறுகிற இடம் எலும்பு மஜ்ஜை. அது வற்றிப்போனவர்களுக்கு இன்னொருவருடைய ஸ்டெம் செல்லை ஏற்றுகிறார்கள். சிலருக்கு வேர் பிடிக்கிறது, சிலருக்குப் பிடிப்பதில்லை. ஏன் என்று ஒரு ஆஸ்பத்திரி தனியாக உட்கார்ந்து யோசித்தால் விளங்காது, அவர்களிடம் வரும் நோயாளிகள் சொற்பம். அதனால் சில ஆஸ்பத்திரிகள் கூட்டுச் சேர்ந்தன. நோயாளி, பெற்றவர்கள், கூடப்பிறந்தவர்கள் எல்லோரிடமும் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரே இடத்தில் உறைய வைத்தார்கள். சிகிச்சைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்றைக்காவது காரணம் புலப்படும் என்ற நம்பிக்கை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து வீடுகளுக்குப் போய் அந்த ரத்தத்தை வாங்கி அனுப்பும் ஆள் நான். அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள், திரும்பச் சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். நான் மட்டும் பிரியாமல் சேராமல் அதே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்.

நான் முதன்முதலில் கொண்டுபோன பெட்டியைப் பற்றிச் சொன்னால் என் தகுதி உங்களுக்குப் புரிந்துவிடும். ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலைத் தொழிலாளி ஒருவரின் குடும்பம். கத்திரி வெயில். ரத்தம் கெட்டுவிடுமே என்ற பதைப்பில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஐஸ் கட்டி வாங்கி, உடைத்து, குழாய்களைச் சுற்றி அடுக்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பாடாலூர் தாண்டுவதற்குள் பேண்ட் நனைந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "என்ன மீனுங்க?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. மருத்துவப் பொருள் என்று விறைப்பாகச் சொன்னேன்.

ரத்தத்தை உறைய வைக்கும் அந்த வங்கிக்குத் தலைமையாக இருந்த டாக்டரம்மாவும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மீனைத்தான் சொன்னார். "செல்லெல்லாம் உசுரோட வேணும், சும்மா நிழல்ல வெச்சுக் கொண்டாந்தாப் போதும்னு சொன்னேனா இல்லையா? நீ மீனுக்கு வைக்கிற மாதிரி ஐஸ் வெச்சுக் கொன்னு கொண்டாந்திருக்கியே!" தொழிலாளி வீட்டுக்குத் திரும்பப் போய், கையைப் பிசைந்துகொண்டு, இன்னொரு தடவை ரத்தம் எடுத்தேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை. காப்பி கொடுத்தார்கள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஐஸை அன்றோடு விட்டேன். ஆனால் பிறருக்கு எது நல்லது என்று நானே முடிவு செய்துகொள்ளும் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

லப்பைக்குடிக்காட்டில் ஜமீலா என்று ஒரு சிறுமி. வயது பத்து. மஜ்ஜை வற்றிவிட்டது. மூக்கில் ரத்தம் வந்தால் நிற்காது, காய்ச்சல் வந்தால் இறங்காது. அடிக்கடி வெளியார் ரத்தம் ஏற்றித்தான் நடமாட வைத்தார்கள். அப்படி ஏற்ற ஏற்ற, பிற்பாடு ஸ்டெம் செல் வேர் பிடிப்பது கடினம் என்று டாக்டரம்மா எச்சரித்துக்கொண்டே இருந்தார். அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த ஒரே நல்ல வழி, முழுதாகப் பொருந்தும் அண்ணனோ அக்காளோ தம்பியோ கிடைப்பது. சீக்கிரம் கிடைப்பது.

தாயார் நூர்ஜஹான் அம்மாளிடம், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்பதில் நான் கைதேர்ந்தவன் என்று அன்று நினைத்திருந்தேன். மூன்று பையன்கள், கடைசியாக ஜமீலா என்றார். தகப்பனார் சவுதியில். வீட்டிலிருந்த இரண்டு பையன்களின் ரத்தமும் பொருந்தவில்லை. மிச்சம் இருந்தவன் துபாயில் இருந்த சலீம்.

சலீம் அரபி முதலாளியிடம் சண்டை போட்டு லீவு வாங்கிக்கொண்டு வந்து இறங்கினான். நல்ல உயரம், சட்டைக் கையை எப்போதும் மடித்தே வைத்திருப்பான். "எவ்ளோ வேணுமோ எடுத்துக்குங்க சார். தங்கச்சிக்கு இல்லாத ரத்தமா?" என்று கையை நீட்டினான். வளைகுடாவுக்குப் போகிற ஊர் அது. ரத்தம் எடுக்கிறார்கள் என்றால் விசாவுக்கான மெடிக்கல் என்றுதான் அங்கே அர்த்தம். நான் தெருவில் நடந்தால், "சார், நம்ம பையனுக்குக் கொஞ்சம் பாத்து பாஸ் போட்டு விடுங்க" என்று யாராவது கூடவே வருவார்கள். சலீமும் போகும்போது, "மெடிக்கல் ரிசல்ட் எப்ப சார்?" என்றுதான் கேட்டான்.

ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா போனில் கத்தினார். "ஜமீலாவுக்குப் பொருந்தலைன்னா பரவாயில்ல. ஆனா பெத்த அம்மாகிட்ட இருந்து பாதியாவது பிள்ளைக்கு வந்தே தீரணும். இவன்கிட்ட அம்மாவோடது ஒண்ணுமே இல்ல. ஒண்ணு, நீ குழாயை மாத்தி ஒட்டியிருக்கே. இல்லேன்னா இவன் அந்தம்மா பெத்த பிள்ளை இல்ல."

மீன் பெட்டிக்காரனைச் சந்தேகப்படுவதில் தப்பில்லை. நல்லவேளை, வங்கியில் சலீமின் ரத்தம் இன்னொரு குழாயில் உறைந்து கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தார்கள். அதே முடிவு. ரத்தம் பத்தவில்லை என்று புளுகி, புதிதாக ஒரு தடவை எடுத்து அனுப்பினேன். அப்போதும் அதே. குழாய் மாறவில்லை.

இங்கேதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் ஜமீலாவுக்கு நல்லதாக இருந்திருக்கும். ஆகா, ஒரு குடும்பத்தின் பெரிய ரகசியம் என் கையில் மாட்டிக்கொண்டது என்று நடுங்கினேன். ஆஸ்பத்திரியில் பிள்ளை மாறியிருக்குமோ, வேறு ஏதாவதோ என்று என்னென்னமோ கற்பனை. இது வெளியே வந்தால் அந்த வீடு என்ன ஆகும்? சலீம் என்ன ஆவான்? ஆகவே வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்தேன். சலீம் தினமும் லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ் ஏறி பெரம்பலூரில் என் அறைக்கு வருவான். "இன்னும் வரலப்பா" என்பேன். துபாய்ப் பேரீச்சம்பழம் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்திருந்தான். அவன் போனபிறகு அதைத் தின்றுகொண்டே இவனைக் காப்பாற்றுவது எப்படி என்று யோசிப்பேன். டப்பா காலியாகும்வரை யோசித்தேன். அந்த இடைவெளியில் ஜமீலாவுக்கு மறுபடியும் வெளியார் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது.

அதைக் கேட்டதும் டாக்டரம்மா, "நீ அங்க என்ன பண்ணிட்டிருக்கே?" என்றார்.  பஸ் ஏறினேன்.

நூர்ஜஹான் அம்மாள் கட்டிலில் ஜமீலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்தேன். ஊர் நிலவரம், ஆற்றில் தண்ணீர், வெயில். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சலீம் பொறந்தது எந்த ஆஸ்பத்திரிங்கம்மா?" என்றேன்.

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? அவன் அம்மாவைத்தான் கேக்கணும். அவ மவுத்தாகி எத்தனை வருசமாச்சு!"

நான் வாயைப் பிளந்தேன்.

"பக்கத்து வூட்டுப் பொண்ணுங்க. பிரசவத்துலயே போயிட்டா. அப்பத்தான் என் மூத்தவன் பொறந்து பால் குடிச்சிட்டிருந்தான். இவனையும் இந்தப் பக்கம் போட்டுக்கிட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணா குடிச்சு வளந்தானுவ."

"ஏங்கம்மா, பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டப்ப மூணு பையன்னு சொன்னீங்களே!"

"பால் குடுத்தா பிள்ளை இல்லாம பின்ன என்னவாம்? எங்க மார்க்கத்துல அவன் ஜமீலாவுக்கு அண்ணன். இவளைக் கட்டிக்க முடியாது, இவ அவன் முன்னால ஒளியவும் வேண்டியதில்ல. நீங்க பெத்தது எத்தனைன்னு கேக்கலையேங்க."

கட்டிலில் கிடந்த ஜமீலா சிரித்தாள். "சாருக்குத் தெரியாதாம்மா? தெருவுக்கே தெரியுமே!" என்றாள். நான் தூக்கம் கெட்டுக் காப்பாற்றிய ரகசியம் லப்பைக்குடிக்காட்டில் பால்காரர் வரைக்கும் தெரிந்திருந்தது.

மானம் போனவனுக்கு வாய்தானே மிச்சம்? எரிச்சலில் குத்தலாகச் சொன்னேன். "சரிங்கம்மா, பெக்காத பிள்ளையைக் கணக்குல சேத்துட்டீங்க. பெத்துட்டுக் கணக்குல சேக்காம விட்டது யாராச்சும் இருந்தா அதையும் சொல்லிடுங்க."

அந்த அம்மாளின் கையிலிருந்த ஆரஞ்சுச் சுளை அப்படியே நின்றது. சிரிப்பு போய்விட்டது. நான் ஏதோ மிதித்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது.

"இருக்கா" என்றார்.

மெஹ்ருன்னிசா. மூத்தவனுக்கு அடுத்தவள். நூர்ஜஹானின் நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை. அரியலூரில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம். நாற்பதாம் நாள் கழிந்ததும் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். மறைவு ஒன்றும் இல்லை, மெஹ்ருன்னிசாவுக்கே தெரியும். ஆனால் கொடுக்கும்போது ஒரு வார்த்தை கொடுத்திருந்தார்கள். இனி இவள் எங்கள் பிள்ளை என்று எந்தக் காலத்திலும் எதற்காகவும் வந்து நிற்கமாட்டோம் என்று.

"ஒவ்வொரு தொழுகையிலயும் அவளை நெனைக்கிறேங்க. அவ ரத்தம் சேருமோன்னு எனக்குத் தோணாமலா இருக்கும்? ஆனா எந்த மொகத்தோட போய்க் கேக்கறது? குடுத்த பிள்ளையைக் கேக்கற மாதிரி ஆயிடாதா? இவங்க அத்தாவும் சவுதிலேர்ந்து போன்ல, வேணாம், அக்கா மனசு ஒடைஞ்சிடும்னுட்டாரு." சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் அழுதார். ஒரு மகளுக்காக இன்னொரு மகளைக் கேட்க முடியாமல் அத்தனை மாதமும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், பேரீச்சம்பழத்தோடு.

அப்போது சலீம் உள்ளே வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"ரிசல்ட் வந்துடுச்சா சார்? அன்ஃபிட்டா?"

இனி ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. பொருந்தவில்லை என்று சொன்னேன். அம்மாவோடும் ஒன்றும் சேரவில்லை என்பதையும் சொன்னேன்.

அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். "பால் அண்ணன்னு தெரியும். ஆனா அவ்ளோ வருசம் குடிச்ச பால்ல கொஞ்சமாச்சும் ரத்தத்துல ஒட்டியிருக்கும்னு நெனைச்சேன் சார்" என்றான்.  ஜமீலா ஒரு சுளையை அவன் வாயில் திணித்து, "பரவாயில்ல விடுண்ணே" என்றாள்.

மறுநாள் சலீமும் நானும் அரியலூர் போனோம். வார்த்தை கொடுத்தது அம்மாதானே, நாம் போய்க் கேட்கலாம் என்றான் அவன். நான் ஒரு நிபந்தனை போட்டேன்: பேசுவது நான்தான். அறிவியலை எடுத்துச் சொன்னால் படித்தவர்கள் கேட்காமல் இருப்பார்களா? பெரிய படம் ஒன்று வைத்திருந்தேன். அப்பா ஒரு நிறம், அம்மா ஒரு நிறம், பிள்ளைகளுக்கு எப்படிப் பாதிப்பாதி வருகிறது என்று காட்டும் படம்.

கடைக்குப் பின்னால் வீடு. என்னை வாசல் அறையில் உட்கார வைத்தார்கள். உள்ளே போகும் வழியில் திரை. சலீம் செருப்பைக் கழற்றிவிட்டு, "மெஹ்ரு, தண்ணி குடு" என்று திரையை விலக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்கே போனான். நாத்தனார் அம்மாள் வாசலறையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். நான் படத்தை விரித்தேன். அப்பா நிறத்தைத் தாண்டி அம்மா நிறத்துக்கு வந்ததும் அவர் முகம் இறுகிவிட்டது.

"அதை மடிங்க" என்றார். "எந்த நெறம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கு நீங்க படம் காட்ட வேணாம். இன்னிக்கு ரத்தம்பீங்க. நாளைக்கு ஆஸ்பத்திரில பெத்தவ பேரு கேப்பாங்க. அடுத்த மாசம் அவ அங்க போயி உக்காந்துக்குவா. நான் அல்லாவைத் தவிர யாருகிட்ட போயி கேப்பேன்?"

 படமோ மடிக்க வராமல் காற்றில் படபடத்தது. நான் பேசி இன்னும் கெடுத்திருப்பேன். சலீம் தண்ணீர் டம்ளரோடு வந்து திரை ஓரத்தில் நின்றான்.

"மாமி, ஒண்ணு கேக்கறேன். இப்ப நான் நேரா உள்ள போனேன். மெஹ்ரு என்னைப் பாத்து ஒளிஞ்சாளா?"

"நீ அண்ணன்டா. ஏன் ஒளியணும்?"

"எந்த ரத்தத்துல அண்ணன்? சார் மெஷின்ல போட்டுப் பாத்துட்டாரு. எனக்கும் அந்த வூட்டுக்கும் ஒரு சொட்டு ரத்தம்கூட சம்பந்தம் இல்லையாம். அதுக்காக எங்கம்மா என்னைப் பிள்ளை இல்லேன்னு வெளிய அனுப்பிட்டாளா? ரத்தமே இல்லாம நான் அங்க பிள்ளையா இருக்கேன். அப்ப அந்த வூட்டு ரத்தம் இருக்கறதால மட்டும் மெஹ்ரு உங்க பிள்ளை இல்லேன்னு ஆயிடுமா?"

எந்த ரிசல்ட்டை அவனிடமிருந்து ஒளித்து அவனைக் காப்பாற்றுவதாக நினைத்தேனோ, அதை வைத்தே அவன் பேசினான். முன்னாலேயே அவனிடம் சொல்லியிருந்தால் முன்னாலேயே இங்கே வந்து நின்றிருப்பான். அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

நாத்தனார் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எந்தக் கையி?"

திரையின் ஓரமாக வளையல் போட்ட ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. "அம்மா, நீங்க பக்கத்துல வந்து உக்காருங்க, எனக்கு ஊசின்னா பயம்" என்றாள் மெஹ்ருன்னிசா. அந்த அம்மாள் எழுந்துபோய்த் திரைக்குள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் வெளியே இருந்து அந்தக் கையில் ரத்தம் எடுத்தேன். ஐஸ் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

முழுக்கப் பொருந்தியது. போனில் டாக்டரம்மா என்னைத் திட்டாமல் பேசிய முதல் நாள் அது.

ஆஸ்பத்திரியில் மெஹ்ருன்னிசாவிடமிருந்து செல் எடுக்கும் நாளன்று நர்ஸ் கதவைத் திறந்து, "மெஹ்ருன்னிசாவோட அம்மா யாருங்க?" என்றார். பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களும் எழுந்து நின்றுவிட்டார்கள்.  நூர்ஜஹான் அம்மாள் நாத்தனாரைப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்துகொண்டார். "அவங்கதாங்க. நான் நோயாளி புள்ளையோட அம்மா" என்றார். நாத்தனார் உள்ளே போனார். இந்த அம்மாள் மடியில் கையை வைத்துக்கொண்டு கதவையே பார்த்தபடி இருந்தார். சலீம் டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெகுநேரம் வரவில்லை. எங்கேயோ நின்று அழுதுவிட்டு வந்தான் என்று நினைக்கிறேன், டீ ஆறிப்போயிருந்தது.

இதிலிருந்து உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? பெற்றது எத்தனை, பால் கொடுத்தது எத்தனை, வளர்க்கக் கொடுத்தது எத்தனை, வளர்க்க வாங்கியது எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். முகம் கோணாமல் கேளுங்கள். இது லப்பைக்குடிக்காட்டுக்கு மட்டும் இல்லை, எல்லாச் சாதி சனத்திலும் பிள்ளையை அண்ணனுக்கும் அக்காவுக்கும் கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று. ஒருவருடைய ரத்தம் சொன்னதை அவருக்கே சொல்லுங்கள். அவர் தாங்குவாரா மாட்டாரா என்று பேரீச்சம்பழம் தின்றுகொண்டு நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

ஜமீலாவுக்கு வேர் பிடித்தது. நடுவில் பயமுறுத்திய நாட்கள் இருந்தன, அதெல்லாம் தாண்டி வந்துவிட்டாள். சில மாதங்கள் கழித்து, வங்கிக்குச் சேர வேண்டிய, சிகிச்சைக்குப் பிந்திய ரத்தத்தை எடுக்க லப்பைக்குடிக்காடு போனேன். தலையில் முடி திரும்ப முளைத்துக் குட்டையாக நின்றது. முன்னால் அவள் ரத்தம் பி வகை. மெஹ்ருன்னிசாவுடையது ஓ. செல் பொருந்துவதற்கு வகை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, வேர் பிடித்தால் கொடுத்தவருடைய வகைக்கே மாறிவிடும் என்று உங்களுக்குத் தெரியும். இனி இவளும் ஓ வகைதான் என்று பேச்சுவாக்கில் நான் சொன்னேன்.

நூர்ஜஹான் அம்மாளுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. "அப்படின்னா, இவ ஒடம்புல இப்ப ஓடறது மெஹ்ரு ரத்தமாங்க?"

"ஆமாங்கம்மா. இனிமே ஊறறதும் அதுதான்."

அவர் ஜமீலாவின் கையை எடுத்தார். மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அந்த இடத்தில் முத்தம் கொடுத்தார்.

"நான் கேக்கலைங்க" என்றார். "அல்லா சாட்சி, வாயைத் தொறந்து குடுன்னு நான் கேக்கவே இல்ல. அவளா வந்துட்டா."

நான் ஊசியை எடுத்தேன். அனுபவசாலி அல்லவா, கண்ணை மூடிக்கொண்டு நரம்பைப் பிடிப்பேன் என்று பீற்றிக்கொள்பவன். அன்று கண் திறந்திருந்தும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு தடவை குத்தினேன், தவறியது. இன்னொரு தடவை தேடினேன்.

"மொதல்ல கண்ணைத் தொடைங்க சார்" என்றாள் ஜமீலா. "எங்கக்கா ரத்தம், வீணாக்கிடாதீங்க."